துண்டுக்கு அடியில் ஏழு வருஷம்

வேலம்மாள் எதை வாங்கினாலும் விலையை இரண்டாவதாகத்தான் கேட்பாள். முதல் கேள்வி, "இது எத்தனை வருசம் உழைக்குமுங்க?" என்பதுதான். மிக்ஸி, குடை, ரப்பர் செருப்பு எல்லாவற்றுக்கும் அதே கேள்வி. தன்னைப் பெண் பார்க்க வந்த குணசேகரனிடமே காபித் தட்டை நீட்டியபடி, "வேலை பர்மனெண்டுங்களா?" என்று கேட்டவள் அவள். கூட வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குணசேகரன் மட்டும் சிரித்தார். அன்றைக்கு விழுந்த மனிதர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

அவள் கேட்பதிலும் நியாயம் இருந்தது. குணசேகரனுக்குக் கொல்லிமலை வாசலூர்பட்டியில், படகு இல்லத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. அடிவாரத்துக் காடுகழனியையும் கிணற்றையும் விட்டுவிட்டு அவர் பின்னால் மலையேறியவளுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே விளங்கிவிட்டது. மலையில் ஒரு பொருள் சும்மா கெடுவதில்லை. அதைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு பக்கத்து சீட்டுக்காரர் மேல் சாய்ந்து, நாமக்கல் போய்ச் சேர்ந்து, 'அடுத்த வாரம் வாங்க' என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.

அவளுடைய அப்பா மாட்டுத் தரகர். அவர் தோளில் கிடந்த துண்டு இப்போது இவள் தோளில் கிடந்தது. ஆடு வளர்த்துச் சந்தையில் விற்பவள், அப்பாவைப் போலவே துண்டுக்கு அடியில் கைவிட்டு விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவாள். ஒரு பெண்பிள்ளையோடு துண்டுக்குள் கைவிட ஆரம்பத்தில் ஆண்கள் கூச்சப்பட்டார்கள். "ஆடு வாங்க வந்தீங்களா, வெக்கப்பட வந்தீங்களா?" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வாள். துண்டுப் பேரத்துக்குச் சட்டம் உண்டு. உள்ளே நடக்கும் கணக்கு வெளியே ஒருவருக்கும் தெரியக்கூடாது. இரண்டு பேரும் கையை வெளியே எடுக்கும்வரை பேரம் முடியவில்லை என்று அர்த்தம், குறுக்கே யாரும் பேசக்கூடாது. முடிந்த பிறகு பேச்சை மாற்றவும் கூடாது.

2008இல் மகள் தாரணி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மாப்பிள்ளைக்கும் அங்கேதான். பிரசவ லீவு போக மற்ற நாட்களில் அம்மா வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. நெட் மட்டும் நிற்கக்கூடாது, நின்றால் கிளம்பி வந்துவிட வேண்டும். வாசலூர்பட்டிக்கு அப்போதுதான் பிராட்பேண்ட் வந்திருந்தது. முன்அறையில் டெலிபோன் பக்கத்தில் ஒரு மோடம், அதிலிருந்து உள்ளறையில் தாரணியின் கட்டில்வரை நீளமாக ஒரு ஒயர். எல்லாம் நன்றாகத்தான் ஓடியது, செவலைக்குட்டி ஒயரைத் தின்னும்வரைக்கும்.

வேலம்மாளின் செல்ல ஆட்டுக்குட்டி அது. வீடு முழுக்க அதற்குப் பாத்தியதை. பாதி ஒயரை மென்றுவிட்டு, தாரணி கத்திய கத்தலுக்கு மீதிப் பாதியோடு வாசலில் ஓடி நின்றது.

"அம்மா, இந்த ஊட்ல ஒயரெல்லாம் வேலைக்காகாது. வைஃபை ரௌட்டர்னு ஒண்ணு இருக்குது, மோடமும் அதுக்குள்ளயே இருக்கும், அத வாங்கிட்டு வாங்க. காத்துலயே நெட் வரும்" என்றாள் தாரணி. "இன்னொருக்கா நின்னுதுன்னா மேனேஜர் என்னைய வரச்சொல்லிருவாரு."

'வரச்சொல்லிருவாரு' என்ற சொல் வேலம்மாளின் காதிலேயே நின்றது. அன்று ராகிக் களி கிண்டும்போதே மனம் ஒரு கணக்குப் போட்டது. அந்த ரௌட்டர் பெட்டி ஓடினால் மகள் இருப்பாள். பிள்ளை பிறந்து முகம் பார்த்துச் சிரிக்கிறவரை இருப்பாள். அப்புறமும் ஒவ்வொரு லீவுக்கும், வேலையைத் தூக்கிக்கொண்டு மலையேறி வருவாள். பெட்டி எத்தனை வருஷம் ஓடுமோ அத்தனை வருஷம் வருவாள். களி அடிப்பிடித்தது. அவள் கவனிக்கவில்லை.

நாமக்கல்லில் அர்த்தனாரியின் கடை ஒருகாலத்தில் ரேடியோ ரிப்பேர் கடையாக இருந்து, டி.வி. கடையாகி, கம்ப்யூட்டர் கடையானது. வேலம்மாளும் குணசேகரனும் போனபோது அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். சாமான் காட்டியது ஹேமலதா என்ற பெண். மேஜைமேல் இரண்டு பெட்டிகளை வைத்தாள். ஒன்று கறுப்பு, கையில் எடுத்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மற்றது வெள்ளை, கனமாக, இரண்டு ஆண்டெனாவோடு நின்றது. வேலம்மாள் வெள்ளையைத் தூக்கிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், கொம்பைப் பிடித்துத் திருகிப் பார்த்தாள். வாய் இருந்திருந்தால் பல்லையும் பார்த்திருப்பாள்.

"கறுப்பை எடுத்துக்கங்க அக்கா" என்றாள் ஹேமலதா. "பழைய கம்பெனி. அஞ்சாறு வருசம் முன்னால வித்த மாடலுக்குக்கூட இன்னும் சாப்ட்வேர் அனுப்பிட்டுத்தான் இருக்காங்க."

"அதென்ன கண்ணு, வித்துப்போட்டு அப்புறமும் அனுப்பறது?"

"பெட்டிக்குள்ள ஒரு சாப்ட்வேர் ஓடுமுங்க. கோளாறு தெரிஞ்சா, திருடன் நுழையற ஓட்டை தெரிஞ்சா, கம்பெனிக்காரங்க சரிபண்ணி நெட்டுலயே விடுவாங்க. எப்ப நிறுத்தறாங்களோ அப்பவே பெட்டிக்கு வயசாயிருச்சுன்னு அர்த்தம்."

"தீவனம் போடறத நிறுத்தறாப்ல."

"ஆமாங்க, அதேதான்."

"வெள்ளைக்கு எத்தனை வருசம் போடுவாங்க?"

"புதுக் கம்பெனிங்க. யாருக்குத் தெரியும்?"

யாருக்குத் தெரியும் என்ற பதிலை வேலம்மாள் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. கடை போனை எடுத்தாள். பெட்டிமேல் அச்சடித்திருந்த உதவி நம்பருக்கு அடிக்கச் சொன்னாள். கறுப்புக் கம்பெனியில் பாட்டுப் போட்டார்கள். இங்கிலீஷில் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றார்கள், மறுபடி பாட்டுப் போட்டார்கள். வெள்ளைக் கம்பெனியிலோ முதல் மணியிலேயே ஒரு பெண் எடுத்து, "வணக்கம், சொல்லுங்கம்மா" என்று தமிழில் கேட்டாள். வேலம்மாள் அப்படியே உருகிவிட்டாள். அந்தப் பெண்ணின் சொந்த ஊர், கூடப் பிறந்தவர்கள், கல்யாணம் ஆகாத காரணம் வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் போனை வைத்தாள்.

"வெள்ளைதான்" என்றாள்.

"ஒருத்தரும் வாங்கலீன்னா போனை உடனே எடுக்கத்தானுங்க செய்வாங்க" என்று ஹேமலதா முனகினாள். வேலம்மாள் காதில் அது ஏறவில்லை. கேரண்டி எவ்வளவு என்றாள். ஒரு வருஷம் என்றாள் ஹேமலதா.

"ஒரு வருசமா! அதுக்குள்ள எம்பேரப்புள்ள தவழ்ந்து நிக்கக்கூட மாட்டானே சாமி! அப்புறம் அவன் லீவுக்கு வாரப்ப நான் என்ன பண்ணுவேன்?"

குணசேகரன் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். வேலம்மாள் தோள் துண்டை உதறி எடுத்து, நேராகக் கல்லாவுக்குப் போய், அர்த்தனாரியின் வலது கைமேல் போட்டாள்.

"ஏனுங்ணா, விலை நீங்க சொன்னதே இருக்கட்டும். நான் வருசம் பேச வந்திருக்கேன். பெட்டி எப்ப நின்னாலும் நீங்க ஓட வெக்கோணும், முடியலீன்னா வேற பெட்டி குடுக்கோணும். கம்பெனி கெடக்குது. நீங்க எத்தனை வருசம்?"

ஹேமலதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அர்த்தனாரி சிரிக்கவில்லை. அவரும் அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாட்டுச்சந்தை சுற்றியவர்தான். துண்டின் வாசம் பட்டதும் கடையும் கம்ப்யூட்டரும் அவருக்கு மறந்தே போய்விட்டன. கண்ணைப் பாதி மூடிக்கொண்டார். உள்ளே ஒரு விரலைக் கொடுத்தார். வேலம்மாள் அதை மடக்கி விட்டுவிட்டு ஐந்தையும் சேர்த்துப் பிடித்தாள். அவர் உருவப் பார்த்தார், அவள் விடவில்லை. ஒரு வாடிக்கையாளர் வந்து பிரிண்டர் மை கேட்டார். "பேரம் நடக்குதுங்க!" என்று இருவரும் ஒரே குரலில் அதட்டினார்கள். அவர் ஏதோ தப்புச் செய்துவிட்டவர்போல வெளியே போய் நின்றார். துண்டு நெளிந்தது, இழுபட்டது, கடைசியில் அடங்கியது. ஐந்து விரல் ஒருமுறை, இரண்டு விரல் ஒருமுறை. இருவரும் கையை வெளியே எடுத்தார்கள்.

அர்த்தனாரி கொஞ்சநேரம் தன் கையையே பார்த்தார். "ஏழு வருசம் குடுத்துப்போட்டேன்" என்றார் ஹேமலதாவிடம். ஹேமலதா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

ஆனால் பெட்டி நன்றாகவே ஓடியது. தாரணி கட்டிலில் கால்நீட்டி வேலை பார்த்தாள். செவலைக்குட்டி தின்ன ஒயர் இல்லாமல் ஏமாந்து அலைந்தது. புரட்டாசியில் பெண்குழந்தை பிறந்தது. மாப்பிள்ளை பெங்களூரிலிருந்தே ராத்திரியெல்லாம் வீடியோவில் குழந்தையைப் பார்த்தார். லீவு முடிந்து தாரணி மறுபடி வேலையில் உட்கார்ந்தபோது, குழந்தை வேலம்மாளின் இடுப்பில் இருந்தது. வேலம்மாளுக்குத் தரையில் கால் பாவவில்லை. பெட்டிக்குத் தினமும் காலையில் தூசு துடைத்து, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கப் போனாள். யாராவது சும்மா தெருவில் போனால்கூட நிறுத்தி, "எங்கூட்ல நெட் காத்துல வருது" என்றாள்.

சித்திரை மழையில் ஓர் இடி விழுந்தது. டெலிபோன் ஒயர் வழியாக வந்த இடி பெட்டியைச் சுட்டுவிட்டது. பச்சை விளக்கு போயே போய்விட்டது.

தாரணி மேனேஜரிடம் பேசினாள். வைத்துவிட்டு, "திங்கக்கெழமைக்குள்ள நெட் வரலீன்னா கெளம்பி வரச்சொல்றாரு" என்றாள். குழந்தையின் துணிகளை மடித்து ஒரு பையில் வைக்கத் தொடங்கினாள். வேலம்மாள் அந்தப் பையைப் பார்க்காமல் இருக்க, உதவி நம்பருக்கு ஓடினாள். நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு குரல். மறுபடி அடித்தாள், மறுபடி அதே குரல். கடைக்கு அடித்தபோது ஹேமலதாதான் எடுத்தாள்.

"அந்தக் கம்பெனிய மூடி நாலஞ்சு மாசம் ஆச்சுங்களே அக்கா."

கறுப்பை வாங்கச் சொன்னேனே என்று அந்தப் பெண் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வேலம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனிக்கப் பேசியதை நம்பிக் கோட்டை விட்டுவிட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அர்த்தனாரி அண்ணங்கிட்ட குடு கண்ணு" என்றாள்.

"ஏனுங்ணா, குடுத்த பேச்சு இருக்குதுங்களா, கம்பெனியோடவே போயிருச்சுங்களா?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "துண்டுக்குள்ள குடுத்தது எங்க போகுமுங்க அம்மிணி? நாயித்துக்கெழமை வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். வந்தார் என்பதைவிட இறக்கினார்கள் என்பதே சரி. சமவெளி மனிதருக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறுகையில் மார்போடு அணைத்த பெட்டி. பஸ்ஸிலிருந்து இறங்கி, குணசேகரன் தோளில் தொங்கிக்கொண்டு வீடுவரை வந்து, வாசற்படியில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வருஷத்தைக் குறைத்திருக்க வேண்டும் என்று புலம்பினார். வேலம்மாள் சுக்குக்காபி கொடுத்தாள். பெட்டியைப் பிரித்தாள். உள்ளே கறுப்பு.

"ஹேமா குடுத்தனுப்புச்சு. வெள்ளைய உங்களுக்குக் காட்டவே கூடாதாம்" என்றார் அர்த்தனாரி.

தாரணி ஒயரைச் செருகினாள். விளக்கு சிவந்தது, அணைந்தது, யோசித்தது, பச்சையானது. வேலம்மாள் போட்ட கூச்சலில் செவலைக்குட்டி தெருவரைக்கும் ஓடிவிட்டது. குணசேகரனின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அர்த்தனாரிக்குப் பலாப்பழம் ஒன்றை முழுசாகக் கொடுத்தாள். அந்த நிலைமையில் அவர் அதைப் பார்க்கக்கூட முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இனிமே பெட்டிய நீங்க கீழ கொண்டாந்துருங்க, ஏழு வருசமும் ஓட வெக்கறேன். மேல மட்டும் கூப்புடாதீங்க" என்று கும்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.

தாரணி பையிலிருந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். "அதென்னம்மா ஏழு வருசம்? மனுசனப் போட்டு இந்தப் பாடு படுத்தியிருக்கிறீங்க."

வேலம்மாள் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டாள். "பெட்டி ஓடற வரைக்கும் நீ வருவேன்னு நெனச்சேன். அது நின்னா நீயும் நின்னுருவியோன்னு பயம். ஏழுக்கு மேல அந்த அண்ணன் எறங்கி வரலை. நான் என்ன பண்ணட்டும்?"

தாரணி சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பெட்டியப் பாக்கவாம்மா நான் வாரேன்?" என்றாள். அம்மாவின் தோளிலிருந்த துண்டை உருவினாள். "வாங்க, பேரத்த எங்கிட்டப் பேசுங்க."

கட்டிலில் குழந்தையோடு உட்கார்ந்து துண்டை விரித்தாள். வேலம்மாள் கையை உள்ளே விட்டாள். எத்தனை விரல் வரும், ஒன்றா, இரண்டா என்று துழாவினாள். ஆனால் தாரணி தன் கையைக் கொடுக்கவில்லை. மடியிலிருந்த குழந்தையின் கையைத் துண்டுக்குள் விட்டாள். சின்ன விரல்கள் ஐந்தும் வேலம்மாளின் ஒற்றை விரலைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

"ஏ புள்ள, பசிக்குது, சோறு போடு!" என்று வாசலிலிருந்து குணசேகரன் கூப்பிட்டார்.

"பேரம் நடக்குதுங்க!" என்று கத்தினாள் வேலம்மாள். குழந்தை விடுகிற பாடாக இல்லை. அவளும் கையை எடுக்கவில்லை.