சுடும் ஊசி

என் மேசையில் விரல் நீளத்தில் ஓர் உருக்கு ஊசி கிடக்கிறது. வருகிறவர்கள் தையல் மெஷின் சாமானோ என்று கேட்பார்கள். அது ஒரு துவக்கின் உயிர்; அது போய் அடித்தால்தான் துப்பாக்கி வெடிக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று சுவிஸின் ஷ்லீரன் என்ற ஊரில் பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். என் கண் எப்படிப்பட்டதென்று முதலில் கண்டவர் பட்டறை முதலாளி மெயிஸ்டர்தான்.

எண்பதுகளின் நடுவில், இலங்கையிலிருந்து வந்து அகதி மனுப் போட்டுவிட்டு அவருடைய பட்டறையைக் கூட்டித் துடைத்தேன். பழைய துவக்குகளைத் திருத்துவது அவர் தொழில். ஒன்றை மட்டும் பிள்ளையைப் போலப் பார்ப்பார். முதலாம் உலகப் போருக்கும் முந்தியது. மெக்சிகோ இராணுவத்தான் ஒருவன் வரைந்து, சுவிஸில் செய்தது. அந்நாளில் ஒவ்வொரு வெடிக்கும் சிப்பாய் கையால் இழுத்துப் பூட்ட வேண்டும். இதிலோ குழலில் ஒரு சிறு துளை; வெடித்த புகையே அதன் வழியாகத் தண்டைத் தள்ளி அடுத்த குண்டை ஏற்றிவிடும். "கெட்டிக்காரத் துவக்கு. ஆனால் ஊத்தை பட்டால் கோவிச்சுக்கொள்ளும்" என்பார். சனிக்கிழமைகளில் அவர் கழற்ற, நான் அழுக்குத் துடைப்பேன்.

"திங்கள் உனக்கு விசாரணை. துவக்குக்குக் கிட்டப் போனியோ, ஆயுத இயக்கப் பெடியன் எண்டு எழுதித் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்றார் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த அண்ணை.

"நான் கூட்டுற தும்புத்தடியோடைதான் நிக்கிறன் அண்ணை" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை மெயிஸ்டர் அதைச் சுட்டுக் காட்ட என்னையும் சூட்டுத் திடலுக்குக் கூட்டிப்போனார். கடுங்குளிர். பக்கத்தில் அவருடைய கூட்டாளி, சீருடையில் ஒரு பொலிஸ்காரர். மெயிஸ்டர் குண்டை ஏற்றிக் கன்னத்தை வைத்தார். மூடும்போது அதன் பூட்டு கால்வட்டம் திரும்ப வேண்டும். நூறு தரம் பார்த்திருக்கிறேன். அன்று அரைவாசியில் நின்றது. அப்படியே வெடித்தால் பூட்டு பின்னால் பாய்ந்து அவர் கண்ணுக்குள் போகும். சொன்னால் பொலிஸ்காரர் முன்னால் நான் துவக்குத் தெரிந்தவன் ஆகிவிடுவேன். அவர் விரல் வளைந்தது.

"ஹால்ட்!" என்று கத்தினேன்.

திறந்து பார்த்தார்: குளிரில் இறுகிய கிறீஸ். முகம் வெளிறிப்போனார். பொலிஸ்காரரோ என்னையே பார்த்தார்.

"இவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"நாங்கள் ரெண்டுபேரும் கதைச்சுக்கொண்டு நிண்டம். இவன் பாத்துக்கொண்டு நிண்டவன்" என்றார் மெயிஸ்டர். ஆனாலும் என் பெயர் பொலிஸ்காரரின் குறிப்புக் கொப்பியில் ஏறியது.

திங்கள் விசாரணைக்குப் போனேன். ஆயுதம் தொட்டதுண்டா என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"ஓம். இஞ்சை, ஷ்லீரனிலை. துடைக்க."

அவருடைய பேனை நின்றது. நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

பதில் வர நெடுநாள் எடுத்தது. அனுமதி கிடைத்த அன்று மெயிஸ்டர் இந்த ஊசியைக் கழற்றி என் கையில் வைத்தார். "இனி அதை நான் சுடமாட்டன்" என்றார்.

அவர் இன்று இல்லை. துவக்கு ஒரு காட்சிக்கூடத்தில் கண்ணாடிக்குள் நிற்கிறது. போய்ப் பார்த்தேன், பலகையில் என் பெயர் இல்லை. பரவாயில்லை. நான் இந்த ஊசியோடு போகாமல் அது வெடிக்காது.