மேரிராணியின் மனுவும் ஒரு கன்னடச் சொல்லும்

என் வீட்டில் குடியிருந்த ஆஞ்சப்பன் எனக்கு நாலாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். பெண்டாட்டிக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று சொல்லி வாங்கினான். ஆஸ்பத்திரி என்றால் நான் வட்டி பேசுவதில்லை. ஓசூரில் அப்படி இன்னொரு வீட்டு ஓனரைக் காட்டுங்கள் பார்க்கலாம். அந்தக் கடன் கழிந்த விதத்தைச் சொல்ல வேண்டுமானால் மேரிராணியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

நான் அழகர்சாமி. மேலூர்ப் பக்கத்துக்காரன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். சிப்காட் வந்த புதிதில் கம்பெனி வாசலில் டீ அடுப்பு வைத்தேன். அந்த அடுப்புதான் இன்றைக்குப் பன்னிரண்டு வீட்டு லைனாக நிற்கிறது. ஒரு செங்கல்கூட யாரும் தந்ததில்லை. எனக்கு வாடகை கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் சட்டசபை வரை போன மனுவை எழுதியவள் மேரிராணி ஒருத்திதான்.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமான வருஷம் அவள் குடிவந்தாள். பிறந்தது நாகரசம்பட்டிப் பக்கம், மாந்தோப்புக் கூலி வீட்டில் நாலாவது பெண்ணாக. மறுபடி பெண் என்றதும் அவள் அப்பா தோப்புக் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டாராம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத்தான் வீட்டுக்கு வந்தாராம். சின்ன வயதில் மாம்பழக் கூழ் கம்பெனியில் கொட்டை பிரித்தாள். பிறகு பெங்களூர் கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைத்தாள். கன்னடம் அங்கே வந்து ஒட்டிக்கொண்டது. லேத் ஓட்டும் எட்சனைக் கட்டிக்கொண்டு ஓசூர் வந்தவள், ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை பார்த்தாள். வாய் மட்டும் மூன்று ஷிப்டும் ஓடும்.

மாதா கோயில் பெண்கள் சங்கத்தில் அவள்தான் முன்னால் நிற்பாள். ஒருநாள் சங்கத்து மனுவோடு பம்படிக்கு வந்தாள். ஆஞ்சப்பன் பெண்டாட்டி பொற்கொடி அங்கே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

“கருவக் கலைக்கறதே கூடாதுன்னு சட்டம் போடச் சொல்லிக் கேக்கறோம். ஒரு கையெழுத்துப் போடு கொடி.”

பொற்கொடி கையைக் கழுவவில்லை.

“போன தடவ எனக்கு ரத்தம் பத்தல. வயித்துல இருக்கறத எடுத்தாத்தான் நீ பொழைப்பேன்னு டாக்டரம்மா சொன்னாங்க. எடுத்தாங்க. அதனாலதான் இங்க குந்திப் பாத்திரம் வெளக்கறேன். உன் காயிதம் சட்டமாயிருந்தா நான் செத்திருக்கணுமாக்கா?”

மேரிராணி மனுவை மடித்துக்கொண்டு திரும்பினாள். சாயங்காலம் என்னிடம் வந்தாள்.

“ஓனரய்யா, அவ சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. இத எப்படி எழுதறது?”

“பொண்ணுன்னு தெரிஞ்சதும் கலைக்கிறாய்ங்கல்ல, அதப் புடி. ஸ்கேன்ல பாத்துச் சொல்றவன் வாயக் கட்டச் சொல்லு. மத்தத டாக்டருக்கும் அந்தப் பொம்பளைக்கும் விட்டுரு” என்றேன்.

மூன்றாம் வகுப்பு படித்தவன் சொன்ன வரி, மனுவில் முதல் வரியாக ஏறியது. சங்கத்தில் பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. கலைப்பதில் நல்லது கெட்டது என்று இரண்டு உண்டா என்று சண்டைக்கு வந்தார்கள். மேரிராணி கேட்டுக்கொண்டு, மீதிப் பாதியோடு எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனாள். என் வண்டியில்தான் போனார்கள், டீசலும் நான்தான்.

எம்.எல்.ஏ. மனுவைப் படித்துவிட்டுச் சொன்னார். “ஆணா பொண்ணான்னு சொல்லக் கூடாதுன்னு டில்லியில போட்ட சட்டம் ஏற்கெனவே இருக்கேம்மா. எவன் மதிக்கிறான்?”

“அதத்தான் சட்டசபையில எழுந்து கேளுங்கன்றேன்.”

“கேட்டா ஓட்டு வருமா?” அவர் சிரித்தார்.

“கேக்கலன்னா போயிரும்ங்க” என்றாள் மேரிராணி.

மனுஷன் சிரிப்பை நிறுத்தினார். அடுத்த கூட்டத்தொடரில் கேட்கவும் கேட்டார். எல்லையோரத்து ஸ்கேன் இடங்களை யார் பார்க்கிறார்கள் என்று கேள்வி. ஆய்வு செய்கிறோம் என்று மந்திரி பதில். பேப்பரில் நாலே வரி வந்தது. அதன் பிறகு ஜீப்புகள் வந்தன. ஓசூரில் இரண்டு இடத்தில் மிஷினுக்குச் சீல் வைத்தார்கள். மற்ற இடங்களில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் வாயை மூடினாலும் ஜாடையில் சொல்லிவிடுவார்கள் என்ற பேச்சு மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி ஓடியது.

அந்த நேரத்தில்தான் பொற்கொடி மறுபடி உண்டானாள். ஏற்கெனவே இரண்டு பெண். ஆஞ்சப்பன் ஊத்தங்கரைக்காரன், வார்ப்படக் கம்பெனியில் மெருகு போடும் வேலை. அவளைப் பாகலூர் ரோட்டில் ஒரு ஸ்கேன் இடத்துக்குக் கூட்டிப்போனான். அன்று மாலைதான் என்னிடம் நாலாயிரம் வாங்கினான். அதைக் கொண்டுபோய், கர்நாடகத்தில் அத்திப்பள்ளிக்கு அப்பால் கருவைக் ‘கிளீன்’ பண்ணிவிடும் ஒரு வீட்டுக்கு ஆள் பிடிக்கும் தரகன் கையில் முன்பணமாகக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் பொற்கொடி வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். இந்தக் குழந்தை வேண்டும் அவளுக்கு. மூன்றாவதும் பெண் என்று தெரிந்துவிட்டது, கிளம்பு என்று அவன் நின்றான். சத்தம் கேட்டு நானும் வந்தேன், வேலைக்குப் புறப்பட்ட மேரிராணியும் வந்தாள்.

“எவ சொன்னா ஒனக்குப் பொண்ணுன்னு?” என்றாள் மேரிராணி.

“ஸ்கேன் எடத்து நர்சம்மாதான். பயந்துகினு சத்தமாச் சொல்லல. வெளிய வந்து, என் காதுகிட்ட ஜாடையா ரெண்டு தடவ சொல்லிட்டுப் போச்சு.”

“என்ன சொன்னா? அந்த அம்மா சொன்னமேனிக்கே சொல்லு.”

“ஹெண்ணு, கொடி. ஹெண்ணு, கொடின்னுச்சு. கன்னடத்துல ஹெண்ணுன்னா பொண்ணு, எங்க கம்பெனியில எல்லாரும் சொல்றாங்க. சீட்டுல இவ பேரு பொற்கொடின்னு இருக்கு. கொடிக்குப் பொண்ணுன்னு சொல்லுது. எனக்குப் புரியாதா?”

மேரிராணி அவனையே பார்த்தாள். பிறகு பொற்கொடியிடம் திரும்பினாள். “உள்ள உன்ன என்னடி பண்ணாங்க?”

“ஸ்கேன் எடுத்தாங்க. கண்ணக் கீழ இழுத்துப் பாத்தாங்க. நாக்க நீட்டச் சொன்னாங்க. மாத்திரை எழுதினாங்க.”

அவ்வளவுதான். மேரிராணி சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சாப்பாட்டுத் தூக்கு கையிலிருந்து விழுந்து உருண்டது.

“அடப் பாவி மனுசா! அது ஹெண்ணு இல்ல, ஹண்ணு! ஹண்ணுன்னா பழம். கொடின்னா குடுங்கன்னு அர்த்தம். ஒம் பொண்டாட்டிக்கு ரத்தம் இல்ல, பழம் வாங்கிக் குடுன்னு கெஞ்சியிருக்கா அந்தப் புண்ணியவதி!”

ஆஞ்சப்பன் உருண்ட தூக்கை எடுத்து நீட்டினான். “அப்ப... பையனா?”

“பையன்னும் சொல்லல, பொண்ணுன்னும் சொல்லல. சொன்னா மிஷினுக்குச் சீல் வெச்சிருவாங்க. பழம்னு மட்டுந்தான் சொன்னா.”

பொற்கொடி மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். “கட்டிகினு வந்த நாள்லேருந்து ஒரு சப்போட்டா வாங்கித் தந்திருப்பியாய்யா நீ? பழம்னு சொன்னா ஒங் காதுல எப்படி விழும்? நான் எங்கயும் வரமாட்டேன். எதுவாயிருந்தாலும் இத நான் பெத்துக்குவேன்.”

லைனே சிரித்தது. ஆஞ்சப்பன் படியில் உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டான். பையனாக இருக்கலாம் என்ற ஆசையில்தான் அவன் அன்றைக்கு அடங்கினான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறையக் கொய்யாவோடு வந்தான். அடுத்த வாரம் திராட்சை. அதற்கடுத்த வாரம் அவனே உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். பொற்கொடி முகத்தில் நிறம் வந்தது.

பிரசவம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில். நானும் போயிருந்தேன். கதவைத் திறந்து வந்த நர்ஸ், “பொண்ணு. தாயும் நல்லா இருக்காங்க” என்றாள்.

நான் ஆஞ்சப்பன் முகத்தைப் பார்த்தேன். மேரிராணிதான் பேசினாள். “இந்தத் தடவ தமிழ்லயே சொல்லிட்டாங்க ஆஞ்சப்பா. தப்பாக் காதுல விழ வழியில்ல.”

ஆஞ்சப்பன் அவளை முறைத்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்கினான். லாவண்யா என்று பெயர் வைத்தார்கள்.

மிச்சமிருந்தது தரகன். முன்பணத்தைத் திருப்பித் தராமல் இன்று வா, நாளை வா என்று ஆஞ்சப்பனை அலைக்கழித்துக்கொண்டிருந்தான். குழந்தைக்கு மொட்டை போட்ட வாரத்தில் மேரிராணி பஸ் ஸ்டாண்டில் அவனைப் பிடித்தாள்.

“சட்டசபையிலயே கேட்டாச்சு தெரியுமா? அடுத்த மனு எழுதப் போறேன். உங்க பேரு எந்த எழுத்துல ஆரம்பிக்குது, சொல்லுங்க.”

அங்கேயே நாலாயிரத்தையும் எடுத்துவிட்டானாம். ஆஞ்சப்பன் நேராக என் வாசலுக்கு வந்து நீட்டினான். அவன் பின்னால் பொற்கொடி, இடுப்பில் குழந்தை.

நான் வாங்கவில்லை. அழகர்சாமி கை கொடுத்துப் பழகிய கை. “எங் கடன் தீந்துச்சு. அத அவ கையில எண்ணிக் குடு. ரத்தம் ஊறட்டும்” என்றேன்.

பொற்கொடி குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு வலது கையை விரித்தாள். ஆஞ்சப்பன் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தான்.