தேயிலைப் பெட்டி ஒலிப்பதிவு நிலையம்

சத்தியமாக, நீங்கள் யாருமே நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன்.

இன்று இலங்கை மலையகத்து நோர்வூட்டில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில், உலகத்திலேயே பெரிய ஒலிப்பதிவு நிலையத்தைத் திறந்தேன். வெளிச்சத்தம் புகாதபடி சுவரெங்கும் காலித் தேயிலைப் பெட்டிகள், கதவுக்கு இரண்டு கம்பளி. வானொலிக்காரர்கள் பொறாமையில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார்கள்.

அரசாங்க ஒப்பந்தப்படி அடுத்த வாரம் இந்தியாவுக்கே போய்விடும் என் அக்காவின் தாலாட்டைப் பிடித்துவைக்கத்தான் இத்தனையும். வாத்தியார் இரவல் தந்த டேப் ரெக்கார்டரை ஓடவிட்டேன்.

அக்கா பாடவில்லை. பெட்டிகளைத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, சாமான் கட்ட ஒரு பெட்டியும் கெடைக்கலடா. இத எடுத்துக்கவா?"

"எடுத்துக்கங்கக்கா."

நிலையத்தைப் பிரித்து, சாமான்களை அடுக்கி, நானே ஆணியடித்துக் கொடுத்தேன். டேப்பில் அந்தப் பேச்சும் சுத்தியல் சத்தமும்தான் இருக்கின்றன.

பெரிய நிலையம், காய்ச்சல் எல்லாம் என் புளுகு. அக்கா போகிறார் என்கிற சின்ன விஷயம் மட்டும் உண்மை.

அதையும் புளுகென்று யாராவது சொல்லுங்களேன்.