மல்லிகா அக்கா தாண்டாத எல்லை

வியாழக்கிழமை காலை மல்லிகா அக்காவுக்காகத் தயிர்சாதம் கட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பது மணி பஸ்ஸில் அவர் வேலூருக்குப் போவதாக இருந்தது. அப்போதுதான் அவர் தங்கை போன் செய்தார். விடியலில் குளிக்கப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டாராம். ஆட்டோ வருவதற்குள் உயிர் போய்விட்டதாம். டப்பாவை அழுத்தி மூடிவிட்டுத்தான் அழுதேன். ஏன் மூடினேன் என்று தெரியவில்லை.

அவரோடு பள்ளியில் வேலை செய்த உங்களுக்கு அவருடைய கணக்கு வகுப்பும் தெரியும், கிண்டலும் தெரியும். வேலூருக்குப் போகாமல் ஏன் ஒரு வாரம் தாமதித்தார் என்பது மட்டும் தெரியாது. அதை அடுத்த வீட்டில் இருக்கும் நான்தான் சொல்லவேண்டும்.

மாடி ஏறினால் மார்பு அடைக்கிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உடனே வேலூர் ஆஸ்பத்திரியில் போய்ச் சேரும்படி திருப்பதி டாக்டர் சீட்டு எழுதிக்கொடுத்தார். அன்று மாலையே எங்கள் ஊர் கங்கம்மா ஜாத்திரைக்குச் சாட்டு போட்டு, திருவிழா தொடங்கிவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். சாட்டு போட்டால் ஜாத்திரை முடியும்வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் இராத் தங்கக்கூடாது. போன வருடம் சாட்டு போட்ட பிறகு நான் சித்தூரில் அம்மா வீட்டில் ஓர் இரவு தங்கினேன். திரும்பி வந்ததும் என் மகள் சின்னுவுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. அன்றிலிருந்து எனக்கு எல்லாமே பயம்.

"இன்னாடி இது, ஆத்தா ஊர் எல்லையில டோல்கேட் போட்டுக்கினு உக்காந்துக்கினு கீறாளா?" என்று அக்கா சிரித்தார்.

"எட்டு நாளுதானே க்கா. எனக்காக இருங்க க்கா." கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"சரி, அழாத. உன் மூஞ்ச இப்படிப் பாத்துட்டுப் போனா ஆஸ்பத்திரியில எனக்குத் தூக்கம் வராது."

பயந்தது நான். ஊரில் இருந்தது அவர்.

அந்த வாரம் சின்னுவுக்கு முகத்தில் கரி பூசி, குங்குமப் பொட்டுகள் வைத்து, கையில் வேப்பிலை கொடுத்து அவர்தான் வேஷம் கட்டிவிட்டார். கோயில் தெருவில் சேலை கட்டிய வேஷக்காரர் ஒருவர் எங்களை மறித்தார். ஜாத்திரையில் வேஷக்காரரிடம் திட்டு வாங்குவது ஆத்தாளின் ஆசீர்வாதம்.

"ஏய் குண்டம்மா, இப்படி மூச்சு வாங்குதே, இங்க இன்னாடி வேலை உனக்கு? ஓடுடி!"

"முதல்ல உன் சீலையப் புடிடா, அவுந்துக்கினு போவுது!" என்றார் அக்கா.

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கடைசி நாள் விடியலில், கோயில் முன்னால் களிமண்ணில் செய்த அம்மன் முகத்தைப் பிய்த்துக் கூட்டத்துக்குக் கொடுத்தார்கள். அந்த மண்ணைக் கரைத்துக் குடித்தால் நோய் தீரும் என்பார்கள். அக்கா நெரிசலுக்குள் இடித்துக்கொண்டு போய் ஒரு சிறு கட்டி வாங்கி வந்தார். படியில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சிரைத்தார். பிறகு என் முந்தானையில் அதை முடிந்தார்.

"சின்னுவுக்குக் கரைச்சிக் குடு."

"உங்களுக்கு க்கா?"

"எனக்குத்தான் நாளைக்கு வேலூர் கீதே."

முன்னாலேயே போயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் யாரும் அவர் கையைப் பிடித்து இருக்கச் சொல்லவில்லை.

மண் ஒரு சிறு டப்பாவில் என்னிடம்தான் இருக்கிறது. சின்னு இருமினால் எழுந்து டப்பாவைத் திறந்து பார்க்கிறேன். கொடுக்காமல் வைத்திருக்கப் பயமாக இருக்கிறது. ஆனால் ஈரத்தில் அவர் அழுத்திப் பிடித்த விரல்களின் தடம் அதில் அப்படியே காய்ந்திருக்கிறது. கரைத்தால் அதுவும் போய்விடும்.