உப்பில்லாத வீட்டில் ஓர் உயிரியல் ஆசிரியை

சிறுகுடல் கலத்துக்குள் குளுக்கோசு எப்படிப் போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சோடியம் அயனும் கூட வந்தால்தான் குளுக்கோசுக்கு அந்த வாசல் திறக்கும். இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னால் போகும். உயர்தர வகுப்பில் வருடா வருடம் இதைப் படிப்பிக்கிறேன். விடையில் சோடியத்தை விட்டவர்களுக்கு நான் இரக்கம் காட்டியதில்லை. பிடிவாதக்காரி என்று பெயர், அது உண்மைதான்.

போன மாரியில் வவுணதீவில் எங்கள் வீதியில் வெள்ளம் ஏறிய அன்று விடியவே என் கணவருக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. நான் அசரவில்லை. கொதித்தாறிய தண்ணீரில் சீனியைக் கரைத்து ஒரு போத்தலில் ஊற்றிக் கொடுத்தேன்.

"கொஞ்சம் உப்புப் போட்டுக் கஞ்சி தாவன்" என்றார்.

"பிரஷர்காரருக்கு உப்பென்ன உப்பு? பேசாமக் குடிங்க."

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து எங்கள் சமையலில் நான் அதைச் சேர்ப்பதேயில்லை. குறைக்கச் சொன்னால் அடியோடு நிறுத்துகிற ஆள் நான்.

மத்தியானமாகியும் நிற்கவில்லை. காலையிலிருந்து சலம் போகவில்லை; ஒரு சொட்டுச் சிறுநீர்கூட இல்லை. கண் குழி விழுந்து, நாக்கு வறண்டு, எழும்ப முடியாமல் கிடந்தார். ஆள் கைவிட்டுப் போய்விடுவாரோ என்று பயந்துபோனேன். எங்கள் பகுதி மருத்துவமாதுக்குப் போன் எடுத்தேன். என்னிடம் படித்தவள். உழவு மெசினில் ஏறி வெள்ளத்தைக் கடந்து வந்து, நாடியைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு போத்தலில் இருந்ததை ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள்.

"டீச்சர், இதுக்கு உப்புப் போடல்லையா?"

"அவருக்குப் பிரஷர், மகள்."

"போறது முழுக்க உப்பும் தண்ணியும்தானே டீச்சர். வெறும் சீனி குடலுக்குள்ள நிண்டு இன்னும் தண்ணிய இழுக்கும்."

அவள் குரலில் நக்கல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் கரும்பலகையில் வரைகிற படம் அப்போதுதான் எனக்கே விளங்கியது.

உப்பும் சீனியும் அளவாகக் கலந்த தூள் பக்கெற்றை அவள் ஒரு லீட்டர் தண்ணீரில் கரைத்தாள். "மெசின் வாசல்லதான் நிக்குது. இதுக்கும் சரிவராட்டி ஆஸ்பத்திரிக்கு ஏத்துவம்" என்றாள். நான் கரண்டி கரண்டியாகப் பருக்கினேன். பின்னேரம் சுவரைப் பிடித்தபடி எழுந்து போய் வந்தார்.

"சலம் போயித்து" என்றார்.

நான் அழுதுவிட்டேன். இவ்வளவு மோசமாகியும் ஏன் என்னோடு சண்டை பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

"நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும் எண்டு குடிச்சன்."