வாசித்துக் காட்டாத பன்னிரண்டு கணினிகள்

பாடசாலைக் கணினி அறைக்குப் பொறுப்பாசிரியராக இருப்பது பிறர் வீட்டு நோயாளிக்குக் காவலிருப்பதைப் போன்றது: குணமாக்கும் அதிகாரம் நமக்கில்லை, ஆனால் இறந்துபோனால் விளக்கக் கடிதம் நாமே எழுத வேண்டும். அந்த அறையின் சாவியைச் சுமந்த ஆசிரியர் எவரும் நான் சொல்லப்போவதைக் கேட்டு வியக்கமாட்டார். நான் தமிழ்மொழி மூலம் பயிற்றப்பட்டவள். கணினியை முதன்முதலில் தொட்டபோது எனக்கு வயது நாற்பத்தொன்பது. இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில், ஆலங்குடாவுக்கு அண்மையிலிருந்த எங்கள் பாடசாலையில் அந்தச் சாவி என்னிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். என் பொருட்பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல்கூட இராது.

தாயாரின் பெயரால்

போர் முடிந்த சில ஆண்டுகளில், உப்பளம் வைத்திருந்த ஹாஜியார் ஒருவர், கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகம் ஒதுக்கிவிட்ட பன்னிரண்டு கணினிகளை வாங்கி எங்களுக்கு அன்பளிப்புச் செய்தார். மரணித்தவர் பெயரால் கொடுக்கப்பட்ட பொருள் பயன்படும் காலமெல்லாம் அவருக்கு நன்மை சேரும் என்பது எங்கள் நம்பிக்கை. ஒவ்வொரு பெட்டியிலும் அவருடைய தாயாரின் பெயர் ஒட்டப்பட்டிருந்தது. கடற்காற்றின் உப்பும் மணலும் புகாதிருக்க, பன்னிரண்டுக்கும் நானே திரைச்சீலைத் துணியில் உறை தைத்தேன்.

கையளிக்கும் வைபவம் முடிந்ததும் ஹாஜியார் என்னைத் தனியே அழைத்தார். "டீச்சர், இதில புள்ளைகள் படிக்கிற வரைக்கும் உம்மாக்கு நன்மை போய்ட்டே ஈக்கும். ஒண்டையும் கழிச்சிப் போட்றாதீங்க."

எட்டுக் குதிரை

சில ஆண்டுகள் சென்றபின், எல்லாக் கணினிகளின் இயங்கு மென்பொருளையும் புதிய பதிப்புக்கு மாற்றுமாறு வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. எங்கள் இணைய இணைப்பின் வேகத்தில் அந்தப் பணி ஒன்பது பாடசாலை நாள்களை விழுங்கிற்று. பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்று, திரையில் சுழலும் வட்டத்தை வேடிக்கை பார்த்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினர். எல்லாம் முடிந்தபோது திரையின் நிறம் மாறியிருந்தது. வேகம் முன்னிலும் குறைந்திருந்தது. சுற்றறிக்கையில் பட்டியலிட்டிருந்த புதிய வசதிகளை நான் ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒன்றேனும் அகப்படவில்லை.

புத்தளம் நகரிலிருந்து கணினி திருத்தும் நஸ்மியை வரவழைத்தேன். அவர் ஓர் உறையைத் தூக்கிப் பார்த்தார், உள்ளே பார்த்தார், மீண்டும் உறையைப் போட்டார். "மீன்பிடிப் போட்டுக்குப் புதுப் பெயின்ற் அடிச்சாச்சு, டீச்சர். புது வசதியெல்லாம் நாப்பது குதிரைவலு எஞ்சினுக்கு. உங்கட எஞ்சின் இன்னும் அதே எட்டுக் குதிரைதான்."

றஹீம் ஸேரின் கண்கள்

எங்கள் வரலாற்று ஆசிரியர் றஹீம் ஸேர், போர்க்காலத்தில், தொண்ணூறாம் ஆண்டு வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து வந்தவர். நீரிழிவு அவருடைய பார்வையை மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருந்தது. பாடநூல் முழுவதும் மனப்பாடமாயிருந்ததால் வகுப்பில் ஒருவரும் அதை அறியவில்லை. வீட்டிலும் அவர் சொல்லவில்லை. மகளுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வாப்பாவின் உத்தியோகம் போகப்போகிறதென்று தெரிந்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும் என்று அஞ்சினார். அந்த இரகசியத்தை அறிந்தவள் நான் ஒருத்தியே.

அந்த ஆண்டு பாடத்திட்டம் மாறியது. புதிய பாடநூல் வந்தது. இடைவேளைகளில் நான் வாசித்துக் காட்ட, அவர் மனப்பாடம் செய்தார். பிறர் கண்ணில் படாமல் வாரத்துக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் இயலவில்லை. அவ்வேளையில் ஒரு பயிற்சிப் பட்டறைக்குச் சென்று வந்த றஹீம் ஸேர், சிறுபிள்ளைபோல் என் அறைக்குள் நுழைந்தார். புதிய பதிப்பில், திரையிலுள்ள தமிழை உரத்து வாசிக்கும் வசதி இருக்கிறதாம். அங்கே தம் காதால் கேட்டாராம். அன்றைக்கே முதற் பாடத்தைத் தட்டச்சுச் செய்தேன். முதலாவது கணினியில் குரல் வரவில்லை. 'இவ்வசதி இச்சாதனத்துக்குக் கிடையாது' என்ற பொருளில் ஒரு வரிதான் வந்தது. மற்றவற்றையும் பார்க்கச் சொன்னார். ஒவ்வோர் உறையாகக் கழற்றினேன். ஒவ்வொரு முறையும் அதே வரியை அவருக்கு நானே வாசித்துக் காட்டினேன்.

பன்னிரண்டாவது முடிந்ததும் சிரித்தார். "எல்லாம் ஒரே மாதிரி மறுமொழி சொல்லுது. நீங்க வளத்த பிள்ளைகள்தானே, டீச்சர்!"

படிவத்தின் ஏழாவது கேள்வி

அடுத்த பாடசாலைத் தவணையில், அந்த வாசிக்கும் வசதியுள்ள புதிய கணினிகள் வழங்கவிருந்த ஒரு நிறுவனத்திடமிருந்து படிவம் வந்தது. ஏழாவது கேள்வி: 'இயங்கும் நிலையிலுள்ள கணினிகள் எத்தனை?' அதிபர் என்னை அழைத்து, "எல்லாத்தையும் கழிச்சாச்செண்டு போடுவம், டீச்சர். ஹாஜியாரிட்ட ஒரு சொல்லுக் கேட்டாப் போதும்" என்றார். நான் உடன்படவில்லை. மரணித்த தாயின் பெயரால் வந்த பொருளைக் கழிக்கட்டுமா என்று மகனிடம் கேட்பது பண்பாகாது என்றேன். அவை இயங்குகின்றன என்பதும் உண்மையே என்றேன். என் பதிவேட்டின் தூய்மையையும் நினைத்தேன் என்பதை இங்கே மறைக்கமாட்டேன். அழகிய எழுத்தில் 'பன்னிரண்டு' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

றஹீம் ஸேர் அப்போது பக்கத்து வகுப்பில்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய குரல் எனக்குக் கேட்டது.

இரண்டு மாதங்களின் பின் தொலைபேசியில் விசாரித்தபோது, அந்நிறுவனத்து அலுவலர் மிகுந்த மரியாதையுடன் சொன்னார்: "இல்லாத பாடசாலைகளுக்குத்தானே குடுக்கிறம், டீச்சர். உங்களிட்டப் பன்னிரண்டு நல்லா ஓடுதெண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்க."

மேற்பார்வை

வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்தவர்கள் பத்தாம் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்தனர். ஓர் அதிகாரி, நாற்பத்திரண்டாம் பக்கத்தை உரத்து வாசித்து விளக்குமாறு கேட்டார். றஹீம் ஸேர் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி, தடங்கலின்றி, அழகான உச்சரிப்போடு ஒரு பக்கம் முழுவதையும் சொன்னார். அது பழைய நூலின் நாற்பத்திரண்டாம் பக்கம். பிள்ளைகள் தம் புதிய நூலைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். அதிகாரி தம் புத்தகத்தை மெதுவாக மூடினார்.

மருத்துவ சபை அவருக்கு ஓய்வு கொடுத்தது. மகளின் கலியாணப் பேச்சும் அந்த மாதமே நின்றது. கடைசி நாளில் விடைபெற வந்தவரைக் கதிரையில் அமரச் செய்து, படிவத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைத்தேன். அவர் மேசையின் விளிம்பைத் தடவினார்.

"தெரியும், டீச்சர். அதிபர் அண்டைக்கே சொன்னவர். நீங்க எழுதினதில பொய்யில்லை, நான் குறை சொல்லயில்லை. எழுதுறதுக்கு முந்தி என்னட்டயும் ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

நான் ஓய்வுபெற்ற அன்று, பொருள்களை ஒன்றும் குறையாமல் ஒப்படைத்தமைக்காக வலயக் கல்வி அலுவலகம் எனக்கொரு பாராட்டுக் கடிதம் தந்தது. அதை உரத்து வாசித்துக் காட்டும் வேலையையும் அந்தக் கணினிகள் என்னிடமே விட்டுவிட்டன.