இன்ஸ்பெக்டர் கர்துல்லாவாக நடித்த மதியம்

போன ஞாயிற்றுக்கிழமை மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தை இடித்துக் கட்டுவது பற்றிக் கூட்டம். பில்டர் அனுப்பிய ஒரு பெண் சுவரில் சார்ட் பேப்பரை ஒட்டி, மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றினாள். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "எல்லாரும் அவங்கவங்க பேரோட, பிடிச்ச பழம் ஒண்ணு சொல்லுங்க." எங்கள் செக்ரட்டரி மிகுந்த யோசனைக்குப் பிறகு சீத்தாப்பழம் என்றார். லிஃப்ட் எந்தப் பக்கம் வரும் என்று கேட்க வந்தவர்கள் நாங்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. இந்தக் கொடுமையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு பல வருஷம் பிறருக்குச் செய்தவள் நான்.

என் வேலையை மாட்டுங்கா உறவினர்களுக்கு விளக்க முடிந்ததே இல்லை. போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்களை உடனே விடு என்று விரட்டாமல், விடுகிற வரைக்கும் உயிரோடும் நோயில்லாமலும் இருக்க வழி செய்வதற்குத் தீங்கு குறைப்பு என்று பெயர். புது ஊசி கொடுத்துப் பழையதை வாங்கிக்கொள்வார்கள். "அவாளுக்கு ஊசி சப்ளை பண்றியா? பேங்க் பரீட்சை எழுதியிருக்கலாமேடி" என்றாள் சித்தி. நானோ ஊசியைக் கண்ணால் பார்த்தாலே உட்கார்ந்துவிடுவேன். கல்யாண், தாணேயிலிருந்து கோவா வரை இந்தப் பணி செய்யும் சின்னச் சின்ன அமைப்புகளின் வலையமைப்பில் பயிற்சி அதிகாரி நான். அவர்களுக்காகப் போலீஸிடம் வாதாடுவதும் என் வேலை என்று நியமனக் கடிதம் சொன்னது. பெரும்பாலும் நான் செய்தது சார்ட் பேப்பர் ஒட்டியதுதான்.

எங்கள் பயிற்சிகளில் ஒரு தாளுக்குப் 'பார்க்கிங் லாட்' என்று பெயர். பதில் தெரியாத கேள்விகளை அதில் எழுதி, பிறகு பேசலாம் என்போம். உள்ளே போன எந்தக் கேள்வியும் வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

ஒரு முறை அந்தத் தாளில் இருந்தது ஒரே கேள்வி. எழுதியவன் இசக்கி. தாராவிக்காரன், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரு காலத்தில் தானும் ஊசி போட்டு, விட்டு, பிறகு தண்டவாளத்தோரம் இருப்பவர்களுக்குப் பையில் ஊசி கொண்டுபோய்க் கொடுத்துவந்தவன். முந்தின வாரம் போலீஸ் அவன் பையைப் பிடுங்கி, அவனையும் ஸ்டேஷனில் சாயங்காலம் வரை உட்காரவைத்துவிட்டது.

"நாளைக்கும் பையத் தூக்குனா என்னையத் தூக்கிருவானுவ மேடம். தூக்கலன்னா பயலுவ ஒரே ஊசிய மாத்தி மாத்திக் குத்திக்கிடுவானுவ. நா என்ன செய்யட்டும்?"

அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர்தான் அன்றைக்குத் தலைமை விருந்தினர். தலைமை விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றிவிட்டு டீ வருமுன் கிளம்பிவிடுவது மரபு. ஆகவே சால்வையை நான் நிகழ்ச்சி நிரலின் கடைசிக்குத் தள்ளினேன். மகாராஷ்டிரத்தில் சால்வையும் தேங்காயும் வாங்காமல் வீடு திரும்பிய அதிகாரி ஒருவர்கூட இல்லை. அவரும் உட்கார்ந்தார்.

இடம் மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. கீழே நிஜக் கல்யாணம். சாம்பார் வாசனை ஏற ஏற எங்கள் கவனம் இறங்கிக்கொண்டிருந்தது. தூக்கம் கலைக்க நாற்காலி பிடிக்கும் ஆட்டம் ஒன்று வைத்தேன். அதில் ஆளுக்கொரு பழத்தின் பெயர். இன்ஸ்பெக்டருக்குச் சிக்கு, அதாவது சப்போட்டா. "சிக்கு" என்று கூப்பிட்டதும் அவர் ஓடிவந்து, பயிற்சிக்குக் கோவாவிலிருந்து வந்திருந்த டாக்டரை இடித்துத் தள்ளி நாற்காலியைப் பிடித்தார். இந்த மனிதருக்குத் தோற்கத் தெரியாது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அடுத்தது நாடகம். அதில் இசக்கி இன்ஸ்பெக்டராகவும், இன்ஸ்பெக்டர் கர்துல்லாவாகவும் நடிக்க வேண்டும். போதைக்காரர்களை மும்பையில் அப்படித்தான் சொல்வார்கள். "நானா? கர்துல்லாவா?" என்று அவர் நெளிந்தார். கூட்டம் கைதட்டியது. எழுந்தார். தமிழ் கேட்டுப் பழகிய காது. பதிலை அவர் இந்தியில் சொன்னார், நான் தமிழில் தருகிறேன்.

இசக்கி இன்ஸ்பெக்டரின் தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். நிமிர்ந்து பார்க்கவே அவசரப்படவில்லை. யாரையோ டீ வாங்க அனுப்பினான். வாசலில் நின்ற நிஜக் கான்ஸ்டபிள் பாதி சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"பையில என்னல?"

"ஊசி சாகேப். சர்க்கார் திட்டத்துல குடுத்தது. கார்டு இருக்கு."

"கார்டு எவனும் அடிப்பான். கொட்டுல கீழ."

இன்ஸ்பெக்டரின் காது சிவந்தது. "கொட்ட மாட்டேன். எந்த செக்‌ஷன்? ரெண்டு சாட்சியக் கூப்பிடு, பஞ்சநாமா எழுது, அப்புறம் பையத் தொடு."

"எனக்கே சட்டமா? வேன்ல ஏறுல."

"ஏற மாட்டேன். ஊசி வச்சிருக்கறது குத்தமா? சர்க்காரே குடுக்கும், சர்க்காரே பிடிக்குமா? தலையில மூளை இருக்கா உனக்கு?"

கீழே கெட்டிமேளம் முழங்கியது. இசக்கி நாற்காலியில் நிமிர்ந்தான். "சரி, போ. இனிமே உன்னையப் பிடிக்க மாட்டேன்."

"எழுதிக் குடு" என்றார் இன்ஸ்பெக்டர். ஜெயித்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

இசக்கி ஒரு சார்ட் பேப்பரில் கொட்டை எழுத்தில் எழுதினான்: ஊசிப் பை கொண்டுபோகிறவர்களைப் பிடிக்கக் கூடாது. பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு மார்க்கரை அவரிடம் நீட்டினான். "என் கையெழுத்து செல்லாதுல்லா சாகேப். நீங்கதான் போடணும்."

அவர் மார்க்கரைப் பார்த்தார். சால்வையைப் பார்த்தார். நான் சால்வையை மடியை விட்டு நகர்த்தவில்லை. கடைசியில் வாசல் பக்கம் திரும்பினார். "எழுத்துல ஒண்ணும் தர மாட்டேன்." கான்ஸ்டபிளிடம் சொன்னார்: "இவன் பைய இனிமே யாரும் தொடக் கூடாது. பழைய பையயும் குடுத்துரு."

சால்வை போர்த்தினோம். மறுநாள் இசக்கி பையோடு போனான். அந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகும்வரை அவன் பையை ஒருவரும் தொடவில்லை. வாய்மொழி உத்தரவு இத்தனை நாள் நின்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு நிதி வற்றி வலையமைப்பு கலைந்தது. இப்போது பயிற்சியெல்லாம் கணினித் திரையில். கேமராவை அணைத்துவிட்டு எல்லோரும் துணி மடிக்கிறார்கள். கல்யாண மண்டபம் இருந்த இடத்தில் கோபுரமாக ஒரு குடியிருப்பு. போன மாதம் இசக்கி என்னைத் தண்டவாளத்தோரம் கூட்டிப்போனான். வேலி போட்டு, பூத்தொட்டி வைத்து, செல்ஃபி எடுக்க ஒரு பலகையும் நட்டிருக்கிறார்கள். "இங்க கெடந்த பயலுவ எங்க போனானுவோன்னு தெரியல மேடம்" என்றான். அவர்கள் ஊசிக்கு என்ன செய்கிறார்களோ, அதுவும் தெரியவில்லை.

புதிதாக வந்திருக்கும் இன்ஸ்பெக்டர் மரியாதையான இளைஞர். இந்தப் பயிற்சியை இணையத்தில் முடித்துச் சான்றிதழும் வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் ஊசிப் பையோடு போகிற யாரையும் இப்போது போலீஸ் பிடிப்பதில்லை. அப்படிப் போக யாரும் இல்லை.